செவிடு பத்தலையாம்

எங்கள் ஊரில் என்னை அடையாளம் சொல்ல ஒரு வார்த்தை போதும்: "அந்தச் செவிட்டுப் புள்ள." மளிகைக் கடையில், டவுன் பஸ்ஸில், கோயில் வரிசையில், எனக்குப் பின்னால் நின்றும் சொல்வார்கள், முன்னால் நின்றும் சொல்வார்கள். முன்னால் நின்று சொல்வதில் அவர்களுக்குக் கூச்சமே கிடையாது. எனக்குத்தான் கேட்காதே! உதட்டைப் பார்த்தால் எனக்குப் புரியும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேருக்குத் தெரிந்தும் கவலையில்லை. இப்படி ஊரே ஒருமனதாகப் பட்டம் கட்டிய என்னைத்தான், காது கேளாதவர்களுக்கான உலகப் போட்டிக்குப் போக முடியாது என்று நிறுத்தினார்கள். காரணம், எனக்குச் செவிடு பத்தலையாம்.

எங்கள் ஊர் குமாரபாளையம். வீட்டின் முன்பாதி தறிப்பட்டறை, பின்பாதியில் குடித்தனம். விசைத்தறி ஓடும் இடத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. தறி ஓட்டுகிறவர்கள் கையைக் காட்டியும் உதட்டை அகலமாக அசைத்தும்தான் பேசிக்கொள்வார்கள். டீ வந்துவிட்டதா, எந்தத் தறியில் நூல் அறுந்தது, யார் வீட்டில் என்ன குழந்தை பிறந்தது, எல்லாமே உதட்டில் நடக்கும். நான் உதடு படிக்கக் கற்றது எந்த ஸ்பெஷல் பள்ளிக்கூடத்திலும் இல்லை, அந்தப் பட்டறையில்தான்.

வாழ்நாளெல்லாம் தறி ஓட்டிய என் அப்பாவுக்கும் காது பாதிக்கு மேல் போய்விட்டது. பக்கத்தில் போய்க் கத்தினால்தான் திரும்புவார். ஆனால் அவரை யாரும் செவிடர் என்று சொன்னதில்லை. "அவருக்குத் தறிக்காதுங்க" என்பார்கள், ஏதோ பாடுபட்டுச் சம்பாதித்த சொத்தைச் சொல்வது போல. எனக்கு வந்தால் மட்டும் அது செவிடு. ஆம்பளைக் காதுக்கு ஒரு பேர், பொம்பளைக் காதுக்கு ஒரு பேர். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஏழு வயதில் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நூலை இழுத்துக்கொண்டு நாடா இப்படியும் அப்படியும் பாய்கிறது, பட்டை சுற்றுகிறது, காலடியில் தரை அதிர்கிறது, சத்தத்தை மட்டும் யாரோ எடுத்துவிட்டார்கள். கரண்டு போய்விட்டதா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் என்னைத் தூக்கிக்கொண்டு அழுதது நினைவிருக்கிறது. அவள் அழுத சத்தம் எனக்குத் தெரியாது.

அந்த வயதுக்குள் பேச்சு வந்துவிட்டதால் அது போகாமல் தங்கியது. தங்க வைத்தவள் அம்மா. தினமும் செய்தித்தாளை என் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வாள். உச்சரிப்பு கோணினால் திருத்துவாள், ஒரு சொல்லுக்கு எத்தனை தரம் வேண்டுமானாலும் உட்காருவாள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அதோடு அவள் நிற்கவில்லை.

என்னைச் சாதாரணப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று தலைமையாசிரியை தயங்கினார். கேட்கிற பிள்ளைகளோடு இவள் எப்படிச் சமாளிப்பாள் என்று கேட்டுவிட்டு, எழுந்து எனக்குப் பின்னால் போய் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு எதிரில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் விரல் மெதுவாக மேலே போய் மூக்குத்தியைத் தொட்டது. நான் திரும்பினேன். "கொஞ்சம் மந்தந்தாங்க, ஆனாக் கேக்குமுங்க" என்றாள் அம்மா. இடம் கிடைத்தது.

அதற்கு முந்தின நாளே வீட்டில் வைத்துப் பழக்கிவிட்டுத்தான் கூட்டிப் போயிருந்தாள். சித்தி பின்னால் நின்று தட்டைத் தட்டுவாள், அம்மா முன்னால் நின்று மூக்குத்தியைத் தொடுவாள், நான் திரும்ப வேண்டும். திரும்பினால் கடலை மிட்டாய். அதன் பிறகு உறவுக்காரர்கள், டாக்டர்கள், பள்ளிக்கு வந்த அதிகாரிகள், எல்லோருக்கும் இதேதான். காது பரிசோதனை செய்யும் பெட்டியில் சத்தம் கொடுக்கும்போதெல்லாம் ஒரு சின்ன விளக்கு எரியும் என்பதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். அந்த விளக்கு எரிந்தால் மூக்குத்தி. மூக்குத்தி என்றால் நான் பட்டனை அழுத்த வேண்டும். காதுக்குப் பின்னால் ஒரு மிஷினையும் மாட்டி, முடியை இழுத்துவிட்டு மூடிவிடுவாள். அதில் எனக்கு வந்ததெல்லாம் தகரத்தைக் கீறுகிற மாதிரி ஒரு இரைச்சல். பூ வைத்துக்கொள்வது போல அதையும் வைத்துக்கொண்டேன்.

ஓட்டம் எனக்கு எப்படி வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கால் நீளம், மூச்சு நிற்கும், அவ்வளவுதான். பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டம் தொடங்கத் துப்பாக்கி வெடிப்பார்கள். எனக்கு அது கேட்காது. பக்கத்துக் கோட்டில் நிற்கும் பெண்ணின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அது எழும்பினால் நானும் எழும்ப வேண்டும். எவ்வளவு வேகமாக எழுந்தாலும் அவள் முந்தி, நான் பிந்தி. இருநூறு மீட்டரில் அந்தப் பிந்தலைத் துரத்திப் பிடிப்பதற்குள் கோடு வந்துவிடும். "கொஞ்சம் சுதாரிச்சுக் கெளம்பு கண்ணு" என்று விளையாட்டு ஆசிரியர் ஒவ்வொரு வருடமும் சொல்வார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று என் எதிரிலேயே சலித்துக்கொள்வார். செவிடன் காதைத் தேடிப் போய் எதற்கய்யா சங்கை ஊதுகிறீர்கள், ஒரு கொடியை அசைத்தால் கையா ஒடிந்துவிடும் என்று கேட்க அப்போது எனக்கு வாய் வரவில்லை.

காலேஜில் படிக்கும்போது விடியற்காலையில் ஓடுவேன். லாரிக்காரன் ஹாரன் அடித்தால் தெரியாது என்பதால் அப்பா மொபெட்டில் பின்னால் வருவார். அவருக்கும் ஹாரன் கேட்காது. மகள் ஓட, அப்பா உருட்டிக்கொண்டு வர, இரண்டு பேருக்கும் பின்னால் ஒரு லாரி அடித்து ஓய்ந்து நிற்கும். நாங்கள் உயிரோடிருப்பது அந்த டிரைவர்கள் போட்ட பிச்சை.

பின்னால் எனக்குத் தோழியானவளைச் சேலத்தில் ஒரு போட்டியில்தான் பார்த்தேன். சூரமங்கலத்துப் பெண், அவள் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பிறவியிலேயே காது கேட்காது, காது கேளாதோர் பள்ளியில் படித்தவள், பேச்சு வராது. கையால் பேசுவாள், அதுவும் சண்டை பிடிப்பது போல. நான் குதிகாலைப் பார்த்து ஓடுவதைக் கவனித்துவிட்டு, ஓட்டம் முடிந்ததும் நேராக வந்து என் முடியை ஒதுக்கி மிஷினைப் பார்த்தாள். பிறகு அவளுடைய மிஷினைக் காட்டிச் சிரித்தாள். செவிடர்களுக்கென்று தனியாகப் போட்டி இருப்பதை ஒரு தாளில் எழுதிக் காட்டியவள் அவள்தான். அதுவரை எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்த வார்த்தை உள்ளே நுழைந்தால்தானே தெரிய?

கை மொழியும் அவளிடம்தான் கற்றேன். அம்மாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. கையை ஆட்டினால் ஊருக்கே தெரிந்துபோகும் என்பாள். ஊருக்குத் தெரியாத மாதிரி! தோழியோ நேர் எதிர். கேட்கிறவர்களோடு சேர்ந்தால் நீ கேட்கிறவள் மாதிரி நடிக்கிறாய், எங்களோடு வந்தால் பச்சைக் குழந்தை மாதிரிக் கையாட்டுகிறாய், நீ ஒரு ரெண்டுங்கெட்டான் என்று கேலி செய்வாள். அவள் செய்த கேலியில் மட்டும் எனக்குக் கோபம் வந்ததில்லை.

அவளோடு தேசிய அளவில் நடந்த காது கேளாதோர் போட்டிக்குப் போனேன். ஓடுவதற்கு முன் எல்லோரும் மிஷினைக் கழற்றிவிட வேண்டும், அது விதி. ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார்கள், வரிசையாகக் கழற்றிப் போட்டோம். முடியை இழுத்துக் கட்டினேன், காது வெளியே தெரிந்தது. அத்தனை பேர் நடுவில் காது தெரிய நான் நின்றது அதுதான் முதல் தடவை.

ஒவ்வொருவர் கைக்கு முன்னாலும் தரையில் ஒரு விளக்கு இருந்தது. சிவப்பு எரிந்தால் இடத்தில் நில். மஞ்சள் எரிந்தால் எழும்பத் தயாராகு. பச்சை எரிந்தால் ஓடு. துப்பாக்கி இல்லை, குதிகால் இல்லை. குனிந்து என் விளக்கை மட்டும் பார்த்தேன். பச்சை வந்தது, நான் கிளம்பினேன். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் யாரையும் பார்க்காமல் நானாகக் கிளம்பினேன். பக்கத்தில் ஒருத்தியும் எனக்கு முந்தியில்லை. முதலாவதாக வந்தேன் என்பதை விட அந்தக் கிளம்பல்தான் எனக்குப் பெரிது. ஓடி முடித்துத் தரையில் உட்கார்ந்து அழுதேன். தோழி வந்து, ஜெயித்தவள் அழுதால் தோற்றவள் என்ன செய்வாள் என்று கையால் கேட்டாள்.

ஊருக்கு வந்தால் பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். என் படம், ஊர்ப் பெரிய மனிதர்கள் படம், "தேசிய அளவில் தங்கம் வென்ற சாதனைப் பெண்." காது கேளாதோர் என்ற சொல் எங்கேயும் இல்லை. அச்சடிக்கிற கடைக்கே போய் அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லியிருக்கிறாள் அம்மா. வரன் பார்க்கிற நேரத்தில் அது எதற்கு என்றாளாம். ஊர்க்காரர்கள் பாதிப் பேர் நான் எல்லோரோடும் ஓடி ஜெயித்ததாக நினைத்துக் கை கொடுத்தார்கள். மீதிப் பேர், மாற்றுத்திறனாளிகள் ஒலிம்பிக்கா, சக்கர நாற்காலியா என்று என் காலைப் பார்த்தார்கள். எதைச் சொல்லி யாரைத் திருத்துவது?

பிறகுதான் உலகப் போட்டிக்கான தேர்வு வந்தது. காது கேளாதவர்கள் பல நாடுகளிலிருந்து வந்து ஓடும் போட்டி. தோழியின் பெயரும் என் பெயரும் பட்டியலில் இருந்தன. மீதமிருந்தது காது பரிசோதனை அறிக்கை ஒன்றுதான். இரண்டில் எந்தக் காது நல்ல காதோ, அதிலும் ஐம்பத்தைந்து டெசிபலுக்குக் குறையாமல் கேட்கும் திறன் போயிருக்க வேண்டும். என் காதுக்கு அதெல்லாம் ஒரு கணக்கா! என்னுடையது அதைத் தாண்டி எங்கேயோ கிடக்கிறது. இதிலே எனக்கு என்ன பயம் என்று இருந்தேன்.

தோழி மட்டும் ஒன்று சொன்னாள்: சோதனை அறையில் கண்ணை மூடிக்கொள். எதையும் பார்க்காதே. எனக்கு அவள் சொன்னது விளங்கியது, ஆனால் என்னால் முடியாது. கண்ணை மூடினால் எனக்கு வீடு வாசல், ஆள் பேர் எதுவும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு அறையில் உட்காருவது கிணற்றுக்குள் உட்காருவது மாதிரி. அவளுக்குப் பழக்கம் இருக்கலாம். எனக்கில்லை.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பரிசோதனை நிலையம். துணைக்கு அம்மா வந்தாள். போகும் வழியெல்லாம் பஸ்ஸில் அவளிடம் சொல்லிக்கொண்டே போனேன்: இந்தத் தடவை கேட்கக் கூடாது அம்மா, கேட்காமல் இருந்தால்தான் ஜெயித்த மாதிரி. "தெரியுஞ்சாமி, எத்தனவாட்டி சொல்லுவ" என்றாள். கண்ணாடி பதித்த சின்ன அறைக்குள் என்னை உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே டெக்னீஷியன் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தார். துணைக்கு வந்தவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அம்மா அவருக்குப் பக்கத்து நாற்காலியில், நேராக என்னைப் பார்த்து உட்கார்ந்தாள்.

முதலில் மேஜை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் கேட்கவில்லை, சும்மா இருந்தேன். முடிந்துவிட்டதா என்று பார்க்கத் தலையைத் தூக்கினேன். அம்மாவின் விரல் மூக்குத்தியில் இருந்தது. என் கட்டைவிரல் பட்டனை அழுத்திவிட்டது.

இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குக் கேட்பது போலவே இருந்தது. அவள் விரல் போகும், என் தலைக்குள் ஏதோ மெல்லிசாகத் தட்டும், கட்டைவிரல் அழுத்தும். பட்டறையில் தறி ஓடுவது போல அது பாட்டுக்கு ஓடியது. சின்ன வயதிலிருந்து மிட்டாய் கொடுத்துப் பழக்கிய உடம்பு. உலகப் போட்டி, பச்சை விளக்கு, எதுவும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. வெளியே வந்து படியிறங்கும்போதுதான் உறைத்தது. அம்மாவைப் பார்த்தேன். அவள் முகமும் வெளுத்திருந்தது. "கை தானாப் போயிருச்சு சாமி" என்றாள். டெக்னீஷியனிடம் திரும்பிப் போய்ச் சொல்லலாம் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, பரவாயில்லை, அதெல்லாம் கண்டுக்க மாட்டார்கள் என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன்.

முடிவைச் சொல்ல, ஆள் தேர்ந்தெடுக்கும் விளையாட்டுச் சங்கத்திலிருந்து போன் வந்தது. செவிடர்களுக்காகச் சங்கம் நடத்துகிறவர்கள் செவிடர் வீட்டுக்குப் போன் பண்ணித்தான் பேசுவார்கள்! எடுத்தவர் அப்பா. "ஆங்? ஆங்?" என்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்தார். பேசி முடித்து அவள் என்னிடம் திரும்பியபோது அவள் முகத்தைப் பார்த்தேன். சிரித்தாள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த முகம் நிறைந்திருந்தது.

"உனக்குக் காது பரவால்லியாமா சாமி. நல்ல காதுல அவுங்க சொல்ற அளவுக்குப் போகலியாமா. அதனால சேக்க முடியாதுங்கறாங்க."

பிறந்ததிலிருந்து எனக்கு யாரும் கொண்டு வராத நல்ல சேதி. எந்த நாளில் வந்தது பாருங்கள்.

அடுத்த நாளே நான் மட்டும் தனியாகப் போனேன். அதே நிலையம், அதே நாற்காலி. கண்ணாடிக்கு வெளியே துணை யாருமில்லை. கண்ணை மூடிக்கொண்டேன், கிணற்றுக்குள் உட்கார்ந்திருந்தேன். இரண்டு காதும் முழுக்கப் போய்விட்டது என்று அறிக்கை வந்தது. அதைச் சங்கத்துக்கு அனுப்பினால், ஒருநாள் கேட்ட காது இன்னொரு நாள் எப்படி அடைத்துப்போகும், போட்டிக்காக நடிக்கிறீர்களா என்று பதில் வந்தது. வாழ்நாள் முழுக்கக் கேட்பது போல நடித்தேன், ஒரு ஆளும் கண்டுபிடிக்கவில்லை. ஒருநாள் நடிக்காமல் உண்மையாக உட்கார்ந்தேன், நடிப்பு என்று பிடித்துக்கொண்டார்கள்.

தலையில் ஒயர் ஒட்டி மூளையைப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, அதில் ஏமாற்ற முடியாது என்றார்கள். விசாரித்ததில், அதற்கு நாள் கிடைப்பதற்குள் பட்டியல் போய்விடும் என்று தெரிந்தது. கடைசியில், மூக்குத்தி விஷயத்தைச் சொன்னதும், அந்த டெக்னீஷியன்தான் ஒரு வழி சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து ஜாடை காட்டியதாக உங்கள் அம்மாவே எழுதிக் கையெழுத்துப் போட்டால், முதல் பரிசோதனை செல்லாது என்று நான் எழுதித் தருகிறேன், சங்கத்தில் ஒத்துக்கொள்வார்கள் என்றார். பாவம், உள்ளே விட்டது தன் தப்பு என்றும் எழுதத் தயாராக இருந்தார். என் உயிர் திரும்பி வந்தது. அம்மா ஒரு வரி எழுதினால் போதும்.

வீட்டுக்கு வந்து, அவள் கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை நீட்டினேன். அடுப்படியில் நின்றபடி வாங்கிப் படித்தாள். மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

"கேக்குதுன்னு ஒருத்தன் எழுதிக் குடுத்துருக்கறான். பெத்தவ நானே போயி, இல்லீங்க, என்ற புள்ள செவுடுதானுங்கன்னு கையெழுத்துப் போடறதா?"

"நான் செவுடுதானம்மா."

"ஊட்டுக்குள்ள தெரிஞ்சாப் போதும்."

அப்புறம்தான் மற்றது வெளியே வந்தது. போன் வந்த அன்றே அவள் அந்த முதல் அறிக்கையைப் படமெடுத்துத் தரகருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டாள். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு வரன், போர்க் கிணறு போடும் ரிக் வண்டி ஆபீஸில் கணக்கு பார்க்கிற பையன். காது எப்படி என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். இப்போது டாக்டர் காகிதமே போய்விட்டது, பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது போய் அது பொய் என்று கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? ஓடி முடித்து வந்தால் யார் கட்டிக்கொள்வார்கள்? ஆயிரம் பொய் சொல்லித்தான் ஒரு கல்யாணம். அவள் நிறுத்தாமல் பேசினாள், நான் நிறுத்தாமல் அவள் உதட்டைப் பார்த்தேன்.

கெஞ்சினேன். அப்படி யாரிடமும் நான் கெஞ்சியதில்லை. பச்சை விளக்கைப் பற்றிச் சொன்னேன், யாரையும் பார்க்காமல் கிளம்புவது எப்படி இருக்கும் என்று சொன்னேன். ஒரு தடவை ஓடிவிட்டு வந்துவிடுகிறேன், அதற்குப் பிறகு நீ யாரைக் காட்டினாலும் கழுத்தை நீட்டுகிறேன் என்றுகூடச் சொன்னேன். அவள் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். அப்பாவிடம் போனேன். அவர் தறியை நிறுத்தாமலே, "அம்மா சொல்றதக் கேளு சாமி" என்று உதட்டை அசைத்தார். தறிக்காதுக்காரர் செவிட்டு மகளிடம் சொல்கிறார், கேளு என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அழுதேன்.

கை தானாகப் போனதை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். எத்தனை வருடப் பழக்கம், அவள் மட்டும் என்ன செய்வாள்? கையெழுத்து தானாக நிற்கவில்லை. அதை அவள் நிறுத்தினாள்.

பட்டியல் போனது. தோழி போனாள். விமான நிலையத்திலிருந்து வீடியோவில் வந்து, நாட்டின் பெயர் போட்ட சட்டையைக் காட்டினாள். அவள் கை வழக்கம்போலச் சண்டை பிடிக்கவில்லை, மெதுவாகப் பேசியது. நான் கண்ணை மூடச் சொன்னேனே என்று ஒரு தடவை சொன்னாள், அதற்கு மேல் சொல்லவில்லை. அவளோடு தொடர் ஓட்டத்தில் ஓட வேண்டிய இடத்தில் வேறொருத்தி ஓடினாள். அரையிறுதியோடு நின்றுவிட்டார்கள். அவர்கள் ஓடியதைப் போனில் பார்த்தேன். முதலில் ஓடுகிறவள் கைக்கு முன்னால் பச்சை எரிவது வரை பார்த்துவிட்டு அணைத்துவிட்டேன்.

தோழி திரும்பி வந்த பிறகுதான் பெண் பார்க்க வந்தார்கள். பையன், அவன் அம்மா, அப்பா, ஒரு அத்தை. மரியாதைக்காகத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள், தரை அசையாமல் கிடந்தது. அம்மா என் முடியை இறக்கிப் பின்னி, மிஷினை மறைத்து, பூவையும் வைத்துவிட்டாள். காபி கொடுத்தேன், உட்கார்ந்தேன். பையன் ஏதோ கேட்டான், உதட்டைப் பார்த்துப் பதில் சொன்னேன். அவனுக்கு நல்ல முகம், மீசையை ஒதுக்கி வைத்திருந்ததால் படிக்கச் சுலபமாக இருந்தது. கெட்டவனாகத் தெரியவில்லை.

அந்த அத்தைதான் கெட்டிக்காரி. வீட்டைப் பார்க்கிற சாக்கில் எழுந்து எனக்குப் பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் அத்தனை பேர் கண்ணும் ஒரே சமயத்தில் என் தலைக்குப் பின்னால் போய்த் திரும்பி என் முகத்துக்கு வந்தது. எதையோ கீழே போட்டிருக்கிறாள். எதிரில் அம்மா. அவள் விரல் மூக்குத்திக்குப் போனது.

நான் அந்த விரலையே பார்த்தேன். திரும்பவில்லை. அவள் கண்ணை அகட்டி இன்னொரு தரம் தொட்டாள். மூன்றாம் தரம் மூக்கையே தேய்த்தாள். கட்டைவிரலை மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன். அத்தை முன்னால் வந்து, கையிலிருந்த டம்ளரை மேஜை மேல் வைத்தாள். டாக்டர் காகிதம் இருக்கிறதுங்க என்று அம்மா அவசரமாக ஆரம்பித்தாள். நான் பையனைப் பார்த்துச் சொன்னேன்.

"எனக்குக் காது கேக்காதுங்க. ரெண்டு காதும்."

யாரும் சண்டை போடவில்லை. காபியைக் குடித்து முடித்து, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். பையன் மட்டும் வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் போனான். அவர்கள் வண்டி தெரு திரும்பியதும் அப்பா தறிகளைப் போட்டுவிட்டார். தரை மறுபடி அதிர ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் அம்மா பட்டறை நடுவில் வந்து என் முன்னால் நின்றாள். அவளும் இப்போது உதட்டை அகலமாக அசைத்துத்தான் பேச வேண்டும். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"நாந்தான் மூக்குத்தியத் தொட்டனல்லோ சாமி. நீ பாத்தியல்லோ. அப்பறம் ஏன் திரும்பல?"

"இதத்தாம்மா எழுதிக் குடுக்கச் சொன்னேன்" என்றேன்.